புது பயாஸில் பழைய நம்பர் செல்லாது

“பயாஸ் அப்டேட் பண்ணேன், ஓவர்க்ளாக் நிக்க மாட்டேங்குது.” நாலு பேருக்கு சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுத்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்த வரி அடிக்கடி வாட்ஸ்அப்பில் வந்து விழும். கூடவே பயாஸ் (மதர்போர்டில் குடியிருக்கும் அடிப்படை மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர்) திரையை மொபைலில் எடுத்த போட்டோ ஒன்று. அதற்குக் கீழே, “முன்னாடி இருந்த அதே செட்டிங்தான் போட்டிருக்கேன்.” சிக்கல் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஓவர்க்ளாக்குக்காக, அதாவது ப்ராசஸரையும் ராமையும் கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்காக, நாம் தட்டும் நம்பர்களில் பல, சொந்தக் காலில் நிற்பவை கிடையாது. போர்டு தனக்குள் ‘ஆட்டோ’ என்று வைத்திருக்கும் வேறு நம்பர்களின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பவை. மைனஸ் 80 மில்லிவோல்ட் என்றால், எதிலிருந்து மைனஸ்? அந்த ‘எது’வைத்தான் புது ஃபர்ம்வேர் சத்தமில்லாமல் மாற்றி வைக்கிறது.

அதற்குள் போவதற்கு முன், ஓவர்க்ளாக்குக்குச் சம்பந்தமே இல்லாத கேஸ்களை முதலில் கழித்துக்கட்டி விடலாம். வருவதில் பெரிய பங்கு அதுதான்.

பயாஸ் ஃபிளாஷ் ஆனதும் செட்டிங் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குத் திரும்பிவிடும். எக்ஸ்எம்பி (ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணைந்து, 6000-இல் ஓடிக்கொண்டிருந்த டிடிஆர்5 ராம் 4800-க்கு இறங்கியிருக்கும். கேமில் பத்துப் பதினைந்து ஃப்ரேம் குறைந்ததும் “ப்ராசஸர் பூஸ்ட் ஆகலை” என்று புகார் வரும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகத்தைப் பார்த்தாலே கதை முடிந்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கைகொடுக்கும் ரீசைசபிள் பார் அணைந்திருக்கலாம். செக்யூர் பூட் அணைந்து வேலரண்ட் கேம் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டை ரைசர் கேபிளில் (கார்டையும் ஸ்லாட்டையும் இணைக்கும் நீட்டிப்பு கேபிள்) நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்டம்: கேபிள் மூன்றாம் தலைமுறை பிசிஐஇ-க்கு (கார்டு போர்டோடு பேசும் வழி) உரியது, அதற்காக ஸ்லாட்டைப் பயாஸில் ஜென் 3 என்று பூட்டி வைத்திருந்தார்கள், அப்டேட் அதை ஆட்டோவுக்குத் திருப்பிவிட்டது, கார்டு ஜென் 4-இல் பேச ஆரம்பித்து டிஸ்ப்ளே கறுத்துப்போகிறது. பாவம், பழி ஓவர்க்ளாக்கின் தலையில்.

ஃபேன், பம்ப் செட்டிங்கும் இதே வகைதான். ஏஐஓ (தண்ணீரால் குளிர்விக்கும்) கூலரின் பம்பை முழு வேகத்தில் வைத்திருந்தால், டிஃபால்ட்டுக்குப் போனதும் அது டெம்பரேச்சரைப் பார்த்து மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். நம் ஊரில் இது இருமடங்கு தொல்லை. மார்கழியில் டெஸ்ட் செய்து ஸ்டேபிள் என்று முடிவு கட்டிய ஓவர்க்ளாக் அக்னி நட்சத்திரத்தில் தாக்குப்பிடிக்காது என்பது தனிக் கதை. அறை வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். மே மாதம் அப்டேட் போட்டுவிட்டு பயாஸைத் திட்டுகிறவர்கள் சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டிடிஆர்5 போர்டு என்றால் ஃபிளாஷ் முடிந்த முதல் பூட்டில் ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கும், டிராம் லைட் எரிந்துகொண்டே இருக்கும். மெமரி ட்ரெயினிங் நடக்கிறது, அதாவது போர்டு ராமுக்கு ஏற்ற டைமிங்கைச் சோதித்துப் பிடிக்கிறது. பெரிய ராம், நாலு ஸ்டிக் என்றால் பல நிமிடம் ஆகும். அதற்குள் போர்டு செத்துவிட்டது என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ட்ரெயினிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்) நிலை மாறியதும் விண்டோஸ் ரெக்கவரி கீ கேட்கும். “நான் பிட்லாக்கர் போடவே இல்லையே” என்பார்கள். விண்டோஸ் 11 சில மெஷின்களில் தானாகவே டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து வைத்திருக்கும். ஃபிளாஷுக்கு முன் அந்த கீயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். இதில் சிக்கியவர்களுக்கு ஓவர்க்ளாக் ஒரு பொருட்டாகவே தெரியாது.

இனி நிஜமான கேஸ். கோவையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர். 13ஆம் தலைமுறை ஐ7-13700கே, இசட்790 போர்டு, 360 மில்லிமீட்டர் கூலர். எல்லா பி-கோர்களும் (பெரிய, வேகமான கோர்கள்) 5.4 கிகாஹெர்ட்ஸ். வோல்டேஜைக் குறைக்க ஏசி லோட்லைன் என்ற செட்டிங்கை நன்றாகக் கீழே இறக்கி வைத்திருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் மக்கர் செய்யாமல் ஓடியது. 2024-இல் எல்லோரும் பயாஸ் அப்டேட் போடச் சொன்னார்கள் என்று போட்டார், போட்டோவைப் பார்த்து பழைய நம்பர்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். பிறகு எனக்கு போன்.

“அண்ணா, புது பயாஸ் சூப்பருங்க. டெம்பரேச்சர் இருபது டிகிரி குறைஞ்சிருச்சு. கிளாக் அதே 5.4 காட்டுதுங்க.”

“சினிபெஞ்ச் ஓட்டிப் பார்த்தீங்களா தம்பி?”

சினிபெஞ்ச் ப்ராசஸரின் வேகத்துக்கு மார்க் போடும் சாஃப்ட்வேர். தம்பி ஓட்டவில்லை. எதற்கு ஓட்டுவானேன், கிளாக்தான் 5.4 காட்டுகிறதே. ஆனால் அடுத்த வாரம் மறுபடி போன். ராத்திரி ரெண்டரில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்க வேண்டிய கல்யாணம் இன்னும் தாலி கட்டவில்லையாம். சினிபெஞ்ச் ஆர்23-இல் முன்பு 31,000-ஐ ஒட்டி வந்த ஸ்கோர் இப்போது 23,000 சொச்சம். ப்ராசஸர் இழுக்கும் வாட் 230-லிருந்து 150-க்கு இறங்கியிருக்கிறது. திரையில் மட்டும் 5.4 அப்படியே நிற்கிறது.

இது ஒரு செட்டிங் பழைய பயாஸில் அணைந்திருந்து புதியதில் எரிவதால் வருவது. பெயர் கரண்ட் எக்ஸ்கர்ஷன் ப்ரொடெக்‌ஷன், சுருக்கமாக சிஇபி. இதைப் புரிந்துகொள்ள ஏசி லோட்லைன் என்னவென்று பார்க்க வேண்டும்.

வீட்டில் தண்ணி மோட்டார் போட்டால் ட்யூப் லைட் ஒரு நொடி மங்கும் அல்லவா? கரண்ட் அதிகமாக இழுக்கும்போது வழியில் உள்ள தடையில் வோல்டேஜ் கொஞ்சம் விழுகிறது. மதர்போர்டிலும் அதே கதைதான். ப்ராசஸர் 200 ஆம்பியர் இழுத்தால், போர்டின் விஆர்எம் (ப்ராசஸருக்கு வோல்டேஜ் கொடுக்கும் பகுதி) கொடுத்த வோல்டேஜ் ப்ராசஸரை வந்து சேர்வதற்குள் குறைந்துவிடும். எவ்வளவு குறையும் என்று ப்ராசஸர் முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த அளவு சேர்த்துக் கேட்கும். அந்தக் கணக்குக்கான தடையின் அளவைத்தான் ஏசி லோட்லைன் சொல்கிறது, மில்லிஓம் கணக்கில். இந்த ப்ராசஸர்களுக்கு இன்டெல் சொல்லும் உச்ச வரம்பு 1.1 மில்லிஓம். அதை 0.3 என்று குறைத்தால் ‘வழியில் விழுவது ரொம்பக் குறைவு’ என்று ப்ராசஸருக்குப் பொய் சொல்கிறோம். அது கம்மியாகக் கேட்கும், நமக்கு வோல்டேஜும் சூடும் குறையும். அண்டர்வோல்ட் செய்ய இது சுலபமான குறுக்குவழி. ஒரு நிறுவனம் இதை லைட் லோட் என்று 1, 2, 3 என எண் போட்டுக் கொடுக்கும், இன்னொன்று எஸ்விஐடி பிஹேவியர் என்று பெயர் வைக்கும். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்.

சிஇபி அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆள். எதிர்பார்த்ததைவிட வோல்டேஜ் குறைவாக வருகிறது என்று தெரிந்ததும், க்ராஷ் ஆகாமல் இருக்க கிளாக்கை நீட்டிவிடும். ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் நீளும், வேலை குறையும், ஆனால் கிளாக்கைத் தீர்மானிக்கும் பெருக்கல் எண்ணான மல்ட்டிப்ளையர் என்னவோ 54-இல்தான் இருக்கும். அதனால் மானிட்டரிங் சாஃப்ட்வேர் 5.4 என்றே காட்டும். பல போர்டுகள் 2024-க்கு முன்பு இதை அணைத்தே அனுப்பின. இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்ற புரொஃபைல் வந்த பிறகு அது எரிய ஆரம்பித்தது. தம்பியின் 0.3 பழைய பயாஸில் அண்டர்வோல்ட். புதியதில் அதுவே பிரேக்.

பிடிப்பது எளிது: சிஇபி-யை ஒரே ஒரு முறை அணைத்து சினிபெஞ்ச் ஓட்டினோம், ஸ்கோர் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. ஆள் அகப்பட்டார். அப்படியே அணைத்து வைத்துவிட்டும் போகலாம். இசட் போர்டில் அதற்கு வழி இருக்கிறது, பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். எனக்கு அதில் முழு மனது இல்லை. பாதுகாப்பை அணைத்துவிட்டால் அடுத்து வோல்டேஜ் போதாமல் போகும்போது ஸ்கோர் குறையாது, ரெண்டர் நடுவில் நீலத்திரை வரும். காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிற மெஷினுக்கு அது சரிப்படாது.

அதனால் சுற்றி வளைத்தோம். அவரிடம் பயாஸ் போட்டோக்களோடு இன்னொரு போட்டோவும் இருந்தது: பழைய பயாஸில் சினிபெஞ்ச் ஓடும்போது எடுத்த ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற மானிட்டரிங் சாஃப்ட்வேரின் திரை. லோடில் விகோர் (கோர்களுக்கு வரும் வோல்டேஜ்) 1.21 வோல்ட். என்னைக் கேட்டால் அத்தனை போட்டோவிலும் உருப்படியானது அது ஒன்றுதான். செட்டிங் என்பது போர்டிடம் நாம் கேட்டது, 1.21 என்பது அது கொடுத்தது. பயாஸ் மாறினால் முதலாவது செல்லாக்காசு, இரண்டாவது அப்படியே செல்லும், ஏனென்றால் சிலிக்கான் மாறவில்லை. ஏசி லோட்லைனை போர்டின் நிஜமான லோட்லைனுக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்துவிட்டு, குறைக்க வேண்டியதை அடாப்டிவ் மோடில் நெகட்டிவ் ஆஃப்செட்டாக, அதாவது ப்ராசஸர் கேட்கும் வோல்டேஜிலிருந்து கழிக்கும் எண்ணாகக் கொடுத்தோம். ஆஃப்செட்டாகக் குறைத்தால் அது ப்ராசஸருக்குத் தெரிந்தே குறைவதால் சிஇபி பெரும்பாலும் சண்டைக்கு வராது. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி லோடில் மறுபடி 1.21 அருகே கொண்டுவந்தோம். 5.4-ஐ 5.3 ஆக்கினோம். ஸ்கோர் 30,000-க்கு மேல் வந்தது. சூடும் திரும்பி வந்தது. வேலை செய்தால் வேர்க்கத்தானே செய்யும்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: டிசி லோட்லைன். இது வோல்டேஜை மாற்றாது, ப்ராசஸர் தன் வாட் கணக்கைப் போடுவதை மட்டும் மாற்றும். புது பயாஸில் இது மாறினால், நிஜத்தில் இழுக்கும் பவர் அதேதான் என்றாலும் திரையில் 220 வாட் 250 ஆகத் தெரியும். 253-இல் பவர் லிமிட் வைத்திருந்தால் சீக்கிரமே போய் முட்டும், கிளாக் இறங்கும். “புது பயாஸ் கரண்ட் அதிகம் தின்கிறது” என்று சொல்கிறவர்களில் சிலர் பார்ப்பது வெறும் கணக்கு மாற்றத்தைத்தான்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர்களுக்கு மட்டும் இதோடு விஷயம் முடிவதில்லை. 13900கே 2022 அக்டோபரில் வந்தபோது இன்டெல் தாளில் போட்ட பவர் உச்சம் 253 வாட். ஆனால் பல மதர்போர்டுகள் பெட்டியிலிருந்து எடுத்ததுமே 4095 வாட் என்று வைத்திருந்தன, அதாவது லிமிட்டே கிடையாது. ரிவ்யூவில் ஒரு சதவீதம் முந்த வேண்டும் என்ற போட்டி. 2024 தொடக்கத்தில் புகார்கள் குவிந்தன. கேம் திறக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று எரர், கிராஃபிக்ஸ் கார்டில் 24 ஜிபி இருக்கும். என்விடியா டிரைவர் இன்ஸ்டாலர் பாதியில் நின்றுவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சுருக்கி வைத்த ஃபைலை விரிக்கும் வேலையில் ப்ராசஸர் தப்புக் கணக்குப் போடுகிறது.

இன்டெல் ஒன்றன்பின் ஒன்றாக மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஏற்றும் திருத்தக் குறியீடு) விட்டது. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129, ப்ராசஸர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காமல் தடுத்தது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி, சும்மா இருக்கும்போதும் லேசான வேலையிலும் வோல்டேஜ் எகிறுவதைச் சரிசெய்தது. 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப், நாள் கணக்கில் அணைக்காமல் லேசான வேலையில் ஓடும் மெஷின்களுக்கு. காரணத்தையும் சொன்னார்கள்: அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து கோருக்குள் இருக்கும் ஒரு கிளாக் சர்க்யூட்டைச் சீக்கிரம் மூப்படையச் செய்கிறது, நாளாக ஆக, ஸ்டேபிளாக ஓடத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகிறது. இதற்கு வி-மின் ஷிஃப்ட் என்று பெயர். பாதிக்கப்பட்ட டெஸ்க்டாப் மாடல்களுக்கு வாரன்ட்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள்.

ஓவர்க்ளாக் செய்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், அப்டேட்டுக்குப் பிறகு க்ராஷ் ஆகும் ராப்டர் லேக் (13, 14ஆம் தலைமுறை) ப்ராசஸர் அப்டேட்டுக்கு முன்பே அடிபட்டதாக இருக்கலாம். பழைய பயாஸ் தேவைக்கு மேல் வோல்டேஜ் ஊட்டி அதை மறைத்துக்கொண்டிருந்தது, புதியது அளந்து கொடுக்கிறது, குட்டு வெளிப்படுகிறது. இங்கே நிறையப் பேர் செய்வது நேர் எதிரான காரியம்: வோல்டேஜை ஏற்றி மறுபடி ஸ்டேபிள் ஆக்குகிறார்கள். எந்த வோல்டேஜ் மூப்பாக்கியதோ அதையே கூட்டிக் கொடுப்பது. 1.55 வரம்பு பிடிக்கவில்லை என்றால் பயாஸில் ஈடிவிபி என்ற பூஸ்ட் செட்டிங்கை அணைத்து அதைத் தாண்டலாம் என்று இன்டெலே சொல்லியிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக நடந்து போகாதீர்கள். அதற்கு மாறாக ஐஏ விஆர் வோல்டேஜ் லிமிட் என்ற செட்டிங்கில் 1400 மில்லிவோல்ட் போல ஒரு கூரை போட்டுவிட்டு, அதற்குள் எவ்வளவு கிளாக் வருகிறதோ அதை எடுத்துக்கொள்வேன்.

அடிபட்டதா என்று பார்க்க முழு டிஃபால்ட், இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ், எக்ஸ்எம்பி ஆஃப். இந்த நிலையில் 7-ஜிப்பில் பெரிய ஃபைல்களைச் சுருக்கி, விரித்துப் பாருங்கள், ஒய்-க்ரஞ்சர் என்ற கணக்குச் சோதனையையும் ஓட்டுங்கள். டிஃபால்ட்டிலேயே சிஆர்சி எரர் (விரித்த ஃபைல் ஒரிஜினலோடு ஒத்துப்போகவில்லை என்பது) வந்தால் அது ட்யூனிங் வேலை இல்லை, பில்லைத் தேடும் வேலை. வாரன்ட்டிக்கு அனுப்புங்கள்.

ஏஎம்டி பக்கம் கதை வேறு. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகின. எக்ஸ்போ (ஏஎம்டியின் எக்ஸ்எம்பி) போட்டதும் போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) எக்குத்தப்பாக ஏற்றியதை நிறுத்த, ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டது. அந்த அப்டேட்டுக்குப் பிறகு, 1.35-இல் வைத்து 6400 வேகத்தில் ராம் ஓட்டியவர்களின் மெஷின் பூட்டே ஆகவில்லை. பழைய பயாஸுக்குத் திரும்பலாமா என்று கேட்டால், கூடாது. 6000-க்கு இறங்கி, மெமரி கன்ட்ரோலரும் ராமும் ஒன்றுக்கு ஒன்று ஓடும்படி வைத்தால் கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கருகிய சாக்கெட் தெரியும்.

ரைசனில் பெரும்பாலானோர் செய்வது கர்வ் ஆப்டிமைசர், அதாவது ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் படிப்படியாகக் குறைக்கும் செட்டிங். எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டு, சினிபெஞ்ச் ஓடிவிட்டால் ஸ்டேபிள் என்று முடிவு. புது அஜீசா (பயாஸுக்குள் ஏஎம்டி கொடுக்கும் பகுதி) வந்து பூஸ்ட் நடத்தை லேசாக மாறினால் அந்த மைனஸ் 30-இல் ஏதோ ஒரு கோர் வழுக்கும். அதுவும் லோடில் இல்லை. பிரவுசரில் சும்மா ஸ்க்ரோல் செய்யும்போது பொத்தென்று ரீஸ்டார்ட். ஒரே கோர் உச்ச கிளாக்குக்கு எம்பும் நேரம்தான் அதற்குச் சோதனை. விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ-லாகர் 18 என்று பதிவாகியிருக்கும், ப்ராசஸர் ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும். எந்தக் கோர் என்று அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோருக்கு மட்டும் மைனஸைக் குறைத்தால் போதும். கோர் சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோராகத் தனியே சோதிக்கும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம். எண் 19 என்றால் திருத்தப்பட்ட எரர், மெஷின் விழாது, ஆனால் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். 17 பெரும்பாலும் பிசிஐஇ பக்கம். ரைசர் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சில அப்டேட்டுகள் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்காகவே வருகின்றன. 2016-இல், பூட்டிய ஸ்கைலேக் (இன்டெல் 6ஆம் தலைமுறை) ப்ராசஸர்களை பேஸ் கிளாக் வழியாக ஓவர்க்ளாக் செய்ய ஆஸ்ராக் போன்ற நிறுவனங்கள் கொடுத்த வசதி சில வாரங்களிலேயே அடுத்த பயாஸில் மறைந்தது. 2022-இல் 12ஆம் தலைமுறையில் ஏவிஎக்ஸ்-512 என்ற கணக்குக் கட்டளைத் தொகுப்பு அப்படிப் போனது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு, விண்டோஸுக்குள்ளிருந்து வோல்டேஜ் குறைக்கும் வழியைப் பல லேப்டாப் பயாஸ்கள் அடைத்தன. த்ராட்டில்ஸ்டாப் என்ற அண்டர்வோல்ட் சாஃப்ட்வேரில் ஸ்லைடர் செத்துக் கிடப்பது அதனால்தான். இது மாதிரி இடங்களில் எத்தனை மணி நேரம் நோண்டினாலும் பலன் இல்லை. கதவைப் பூட்டியது யார் என்று தெரிந்துகொண்டால் நேரமாவது மிஞ்சும்.

ரோல்பேக் செய்யலாமே, பழைய பயாஸுக்கே திரும்பலாமே என்பார்கள். சில போர்டுகள் பழைய ஃபைலை ஏற்காது. பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பெரும்பாலும் நடக்கும்: பென்டிரைவ் எஃப்ஏடி32, ஃபைல் பெயர் போர்டு கேட்கும்படி மாற்றியது, மேனுவலில் குறித்த யுஎஸ்பி போர்ட்டில்தான் செருக வேண்டும். ஆனால் திரும்பிப் போனாலும் முழுசாகத் திரும்பியதாக அர்த்தம் இல்லை. விண்டோஸும் லினக்ஸும் தங்களிடம் புது மைக்ரோகோட் இருந்தால் பூட் ஆகும்போதே ப்ராசஸரில் ஏற்றிவிடும். பயாஸ் பழையது, மைக்ரோகோட் புதியது என்ற கலவையில் உட்கார்ந்துகொண்டு “ரோல்பேக் பண்ணியும் சரியாகலை” என்று குழம்பியவர்கள் உண்டு. ஹெச்டபிள்யூ இன்ஃபோவின் முதல் திரையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோகோட் பதிப்பு தெரியும், பார்த்துவிட்டுப் பேசலாம். ஃபிளாஷ் செய்வது எதுவானாலும் யுபிஎஸ் இல்லாமல் வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்தடை அறிவித்த நாளில் சுத்தமாக வேண்டாம். சேமித்து வைத்த ஓவர்க்ளாக் புரொஃபைலையும் நம்ப வேண்டாம். பதிப்பு மாறினால் பல போர்டுகள் அதை ஏற்காது. ஏற்கிற போர்டு இன்னும் ஆபத்து: பழைய மெனுவின் நம்பர் புது மெனுவில் வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாலும் கேட்க நாதியில்லை.

நான் செய்கிற வரிசை பெரிதாக ஒன்றும் இல்லை. அப்டேட்டுக்கு முன், ஓடுகிற மெஷினை லோடில் வைத்து விகோர், வாட், டெம்பரேச்சர், ஸ்கோர் நாலையும் ஒரே திரையில் படம் எடுத்துவிடுவேன். பயாஸ் பக்கங்களைப் பெரும்பாலான போர்டுகளில் எஃப்12 அழுத்தி பென்டிரைவிலேயே படமாக எடுத்துக்கொள்ளலாம், மொபைல் வேண்டாம். ஃபிளாஷ். டிஃபால்ட்டில் ஒரு ஸ்கோர். இதைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள், பின்னால் எது குறைந்தது என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது. பிறகு ராம் மட்டும். ராம் சோதனையான மெம்டெஸ்ட்86 சுத்தமாக வராமல் ப்ராசஸரைத் தொடுவதில்லை. இன்டெல் டிடிஆர்4 போர்டு என்றால் கியர் 1 (மெமரி கன்ட்ரோலர் ராமோடு சம வேகத்தில்) சொல்லாமல் கொள்ளாமல் கியர் 2 (பாதி வேகத்தில்) ஆகிவிட்டதா என்று ஒரு பார்வை. கடைசியில்தான் கிளாக்கும் வோல்டேஜும், ஒரு நேரத்தில் ஒன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஸ்கோர். க்ராஷ் ஆகவில்லை என்பது மட்டும் போதாது, ஸ்கோரும் ஏற வேண்டும். இப்போதைய ப்ராசஸர்கள் விழுவதற்கு முன் சோம்பேறி ஆகக் கற்றுக்கொண்டுவிட்டன.

அப்டேட்டே போடலாமா வேண்டாமா என்பதற்கு என் பதில் மெஷினைப் பொறுத்தது. 13, 14ஆம் தலைமுறை கே ப்ராசஸர் என்றால் இன்றே போடுங்கள், ஓவர்க்ளாக் போனாலும் பரவாயில்லை. ரைசன் 7000 எக்ஸ்3டி இன்னும் அந்த 1.3 வோல்ட் வரம்பு வருவதற்கு முந்தைய பயாஸில் ஓடினால் அதுவும் அப்படியே. மற்றபடி எல்லாம் நன்றாக ஓடுகிற மெஷினுக்கு, மாற்றக் குறிப்பில் ‘புது ப்ராசஸர்களுக்கு ஆதரவு’ என்று மட்டும் போட்டிருந்தால், புது ப்ராசஸர் வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். ‘சிஸ்டம் ஸ்டெபிலிட்டி மேம்படுத்தப்பட்டது’ என்ற ஒற்றை வரியை எல்லா நிறுவனமும் எல்லா அப்டேட்டிலும் போடுகிறது, அதை வைத்து முடிவெடுக்க முடியாது. பீட்டா என்று போட்டிருந்தால் கல்யாண சீசன் முடிகிறவரை தொடாதீர்கள் என்று தம்பியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.